ஆள் சேர்த்தா, சேர்க்காமலா

லெஸ்டரில் நர்ஸாக இருந்த பூபாலனின் தங்கை
அனுப்பிய பார்சலில்
குழந்தைக்கு ஒரு கம்பளிச் சட்டை,
அதற்குள் சுருட்டி ஒரு வீடியோ டேப்.
எண்பத்து நாலு, ஜூலை.
டர்பன், சாட்ஸ்வர்த், யூனிட் மூன்று.

பிரிட்டன் நடிகர்கள் அப்போது
எங்கள் நாட்டு டிவிக்குத் தங்கள் நாடகங்களை
விற்கக்கூடாது என்றிருந்தார்கள்.
எங்களுக்காகத்தான் அந்த மறுப்பு.
அதை மீறிக்கொண்டு
பதினெட்டுப் பேர் ஒரே அறையில்
திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்ந்தோம்.
“போராட்டத்துக்குத் துரோகம் பண்றோம்,
கொஞ்சம் மெதுவாச் சிரிங்க” என்றான்
பஸ் கண்டக்டர் கிஸ்டன்.
முதலில் சிரித்தவனும் அவன்தான்.

எங்களுக்கு ஆங்கிலம் தெரியும்,
அந்த ஊர் ஆங்கிலம் தெரியாது.
டேப்புக்குள் இருந்த கூட்டம் சிரிக்க
அரை நொடி கழித்து நாங்கள் சிரித்தோம்,
ஐயர் சொல்லச் சொல்லப்
பின்னால் மந்திரம் சொல்வதுபோல.
நடுவில் வானிலை அறிக்கை. நாளையும் மழை.
அதற்கும் சிரித்துவிட்டார் பூபாலனின் மாமனார்.

முதலில் ஒரு தனி ஆள்.
மைக், ஸ்டூல், ஒரு கிளாஸ் தண்ணீர்.
ரயில் பத்து நிமிஷம் லேட் என்று
கால் மணி நேரம் புலம்பினான்.
எந்தப் பெட்டியில் யார் ஏறலாம் என்று
பலகை மாட்டிய நாட்டில் இருந்துகொண்டு
கேட்டோம்.
“பாவம், அவனுக்கு எவ்வளவு கஷ்டம்”
என்றாள் மொகாம்பரி,
முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.
அன்றைக்கு நல்ல ஜோக் அவளுடையது என்றுதான்
நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வந்தான் கம்பளக் கடைக்காரன்.
கடன்காரனுக்குப் பயந்து
விற்கிற கம்பளத்துக்குள் தானே சுருண்டுகொள்வான்.
அந்த நேரம் பார்த்து ஒரு பிஷப் வந்து
அந்தக் கம்பளம்தான் வேண்டும் என்பார்.
கம்பளம் தும்மும்.
பிஷப் குனிவார், வாயைத் திறப்பார்.

டேப் தீர்ந்துவிட்டது.
திரை முழுக்கப் புழுதி, இரைச்சல்.

கிஸ்டன் எழுந்தான்.
டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தான்.
பிஷப்பின் குரலிலேயே கேட்டான்:
“என்ன விலை?
ஆள் சேர்த்தா, சேர்க்காமலா?”

எங்கள் துரோகம் அன்று
தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் காலை ஐந்தரை பஸ்ஸில்
அந்தத் தனி ஆள் மறுபடி வந்தான்.
டிக்கெட் மெஷின்தான் மைக்.
பஸ் பத்து நிமிஷம் லேட் என்று
அவனே புலம்பினான், லேட்டாக்கியவனும் அவனே.
தையல் ஃபாக்டரிக்குப் போகிறவர்கள்
இறங்க வேண்டிய இடத்தை விட்டோம்.
எனக்கு அரை நாள் சம்பளம் போனது.

கம்பளத்து வரி மட்டும் யூனிட் மூன்றை விட்டுப் போகவே இல்லை.
மார்க்கெட்டில் கோழி விலை கேட்டால் வரும்.
பழைய கார் விற்க யாராவது வந்தால் வரும்.
என் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்து
பெரியவர்கள் கணக்குப் பேசிக்கொண்டிருந்தபோதும் வந்தது.
கேட்டது மாப்பிள்ளை.
அப்பா கோபத்தில் எழுந்து போனார்.
சமையலறையில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு
நான் சரி என்று தலையாட்டினேன்,
யாரும் பார்க்கவில்லை.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது, மார்ச்.
சவப்பெட்டிக் கடையில்
கண்ணாடி போட்ட பையன் பட்டியலை நீட்டினான்.
பைன் இவ்வளவு, தேக்கு இவ்வளவு,
பித்தளைக் கைப்பிடிக்குத் தனி.
இரண்டு நாள் அழுது எனக்குக் குரலே இல்லை.
இருந்தாலும் கேட்டேன்.
பூபாலன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்,
சிரித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.
பையன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து
கைப்பிடிக்குக் காசு வேண்டாம் என்றான்.

போன மாதம் பூபாலனின் பேத்தி
எங்கிருந்தோ தேடிப் பிடித்தாள்
அந்த எபிசோடை.
கம்பளம் தும்முகிறது.
பிஷப் குனிகிறார், வாயைத் திறக்கிறார்.
கம்பளத்துக்குச் சிலுவை போட்டு
“ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பாராக” என்கிறார்.
அவ்வளவுதான்.
கூட்டம் சிரித்தது.

“நல்லாத்தான் இருக்கு” என்றேன்.
அவள் அணைக்கப் போனாள்.
“இரு,
இதுக்கப்புறம் மழை வரும்.”

வரவில்லை.